ஊசி போடாத வைத்தியர்கள்



"டிப்ளமோ முடிச்சுட்டு எங்கப்பா போகப் போறே?" என்று ஊரில் யார் கேட்டாலும் நம்மிடம் பதில் தயாராக இருக்கிறது. மெக்கானிக்கல் என்றால் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி. எலெக்ட்ரிக்கல் என்றால் உடுமலைப் பக்கம் காற்றாலை, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஸ்பின்னிங் மில். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் சென்னை, ஓசூர். "நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் கண்ணு, உடம்புக்கு என்ன?" என்றுதான் கேட்பார்கள்!

இன்றைய பெரிய மருத்துவமனை பாதி தொழிற்சாலை மாதிரி. அங்கே கம்ப்ரஸர் ஓடுகிறது, ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, மைக்ரோபிராசஸர் இருக்கிறது, வேக்குவம் பம்ப் இருக்கிறது. நாம் மூன்று வருடம் படிக்கிற எல்லாமே அங்கே இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், மில்லில் மெஷினின் மறுமுனையில் நூல் இருக்கும், இங்கே மறுமுனையில் மனிதன் படுத்திருப்பான். நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். இங்கே அப்படிச் செய்ய முடியாது.

அந்த மெஷினுக்கும் மனிதனுக்கும் நடுவில் நின்று, "இது சரியாக வேலை செய்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன்" என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊசி போடுவதில்லை, மருந்து எழுதுவதில்லை. ஆனாலும் வைத்தியத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்கள் யார், என்ன செய்கிறார்கள், நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் அந்த இடத்துக்குப் போக வழி உண்டா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இவர்கள்?

இவர்களில் இரண்டு வகை. ஒருவர் மருத்துவ இயற்பியலாளர், அதாவது மெடிக்கல் பிசிசிஸ்ட். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும் பிரிவில் இவரைப் பார்க்கலாம். "இந்தக் கட்டிக்கு இவ்வளவு கதிர்வீச்சு வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பவர் டாக்டர். அந்த அளவு அந்த இடத்துக்கு, பக்கத்து உறுப்புகளை முடிந்தவரை கெடுக்காமல் போய்ச் சேரத் திட்டம் போடுவதும், எந்திரம் சொன்ன அளவைத்தான் கொடுக்கிறதா என்று அளந்து உறுதி செய்வதும் இயற்பியலாளரின் பொறுப்பு.

மற்றவர் கிளினிக்கல் இன்ஜினியர். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்பது ஒரு பெரிய துறை. அதில் செயற்கை மூட்டு செய்பவர், புதிய கருவி வடிவமைப்பவர், விற்பவர் எல்லோரும் அடக்கம். அவர்களில் மருத்துவமனைக்குள்ளேயே இருந்து வெண்டிலேட்டர், இ.சி.ஜி. மானிட்டர், டயாலிசிஸ் மெஷின், அறுவை அரங்கின் காட்டரி மெஷின் என எல்லாவற்றையும் தேர்வு செய்வது, நிறுவுவது, சோதிப்பது, பழுது பார்ப்பது, காலம் முடிந்ததும் கழித்துக் கட்டுவது ஆகிய வேலைகளைச் செய்பவரே கிளினிக்கல் இன்ஜினியர்.

இரண்டு பேருக்கும் படிப்பு வேறு, வேலை வேறு. ஆனால் குணம் ஒன்று. மெஷின் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், இன்னொரு மீட்டரை வைத்துப் பார்க்கிற குணம் அது.

பதம் பார்க்க முடியாத பாகு

நம் நெய்க்காரப்பட்டி வெல்லத்துக்குப் பெயர் போனது. கரும்பு ஆலைக் கொட்டகையில் பதம் பார்ப்பவரைக் கவனித்திருப்பீர்கள். கொப்பரையிலிருந்து ஒரு துளி பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "இறக்கலாம்" என்பார். கண், மூக்கு, விரல் மூன்றும் அவருக்கு மீட்டர்.

கதிர்வீச்சுக்கு இது ஒன்றும் உதவாது. அதைப் பார்க்க முடியாது, அதற்கு வாசனை கிடையாது, படும்போது சுடவும் சுடாது. இரண்டு மடங்கு பட்டாலும் நோயாளிக்கு அந்த நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. தோல் கருகுவதும் உள்ளுறுப்பு கெடுவதும் நாட்களோ மாதங்களோ கழித்துத்தான் வெளியே தெரியும். அதனால்தான் இதற்கென்று அளப்பதே தொழிலாக ஒருவர் வேண்டியிருக்கிறது.

எப்படி அளக்கிறார்கள்? நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதையே நோயாளியாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் குறிப்பிட்ட ஆழத்தில், பொதுவாக 10 சென்டிமீட்டரில், ஒரு சிறிய அயனி அறையை வைக்கிறார்கள். அயனைசேஷன் சேம்பர் என்று பிசிக்ஸ் புத்தகத்தில் படித்தோமே, அதேதான். அதிகம் பயன்படும் ஃபார்மர் சேம்பரின் கொள்ளளவு 0.6 கன சென்டிமீட்டர். அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கதிர்வீச்சு பட்டதும் அந்தக் காற்று அயனியாகி, நானோ ஆம்பியர் கணக்கில் ஒரு துளி கரண்ட் வருகிறது. அதை எலெக்ட்ரோமீட்டரில் படித்து, பல திருத்தங்கள் போட்டு, கிரே என்ற அலகில் கதிர்வீச்சு அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். உலகெங்கும் ஒரே முறையில் இதைச் செய்ய சர்வதேச அணுசக்தி முகமை 2000-ஆம் ஆண்டில் ஒரு வழிமுறை நூல் வெளியிட்டிருக்கிறது.

திருத்தம் என்றால் என்ன? நமக்குத் தெரிந்த இடத்தை வைத்தே பார்ப்போம். இந்த சேம்பர் மூடி முத்திரை வைத்தது இல்லை. வெளிக்காற்று உள்ளே போய்வரும். ஒரு பேச்சுக்கு, இந்தச் சமவெளியில் வைத்து அளந்த சேம்பரை பஸ்ஸில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டு போகிறோம் என்று வையுங்கள். அது 2,100 மீட்டருக்கு மேல் உயரம். இங்கே இருப்பதைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சேம்பருக்குள் காற்று குறைந்தால் அயனியும் குறையும். வெப்பநிலை ஒன்றே என்று கொண்டால், கதிர்வீச்சு துளியும் மாறாமலேயே, இங்கே 100 காட்டிய மீட்டர் அங்கே சுமார் 80 காட்டும். விஷயம் தெரியாதவர், "எந்திரம் குறைவாகக் கொடுக்கிறது" என்று நினைத்து நேரத்தைக் கூட்டினால், நோயாளிக்கு 25 சதவீதம் அதிகம் போய்விடும். பத்தாம் வகுப்பில் படித்த பாயில் விதி இங்கே உயிர்ப் பிரச்சினை ஆகிறது பார்த்தீர்களா?

இன்னொரு கணக்கும் உண்டு. டெலிகோபால்ட் எந்திரத்தில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் வீரியம் குறைந்துகொண்டே வரும். போன வருட அட்டவணையை வைத்து இந்த வருடம் சிகிச்சை கொடுத்தால் மருந்தில் தண்ணீர் கலந்த கதைதான். லினாக் என்னும் லீனியர் ஆக்ஸிலரேட்டரில் கோபால்ட் இல்லை, கரண்ட் இருந்தால்தான் கதிர் வரும். அது வேறு விதமாக நாளுக்கு நாள் கொஞ்சம் அலையும். ஆகவே தினமும் காலையில் முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே அதைச் சோதித்தாக வேண்டும்.

0.3 நிமிடம் எத்தனை வினாடி?

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?" என்று நமக்குத் தோன்றலாம். கதிர்வீச்சு சிகிச்சையில் மொத்தத் தவறு 5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது 1976 முதலே உலகம் ஏற்றுக்கொண்ட இலக்கு. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 1996-ஆம் ஆண்டு, மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா நாட்டின் தலைநகர் சான் ஹோசே. அங்கே ஒரு மருத்துவமனையில் ஆகஸ்ட் மாதம் பழைய கோபால்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். புதியது எவ்வளவு வீரியம் என்று அளக்க வேண்டும். டைமரில் 0.3 நிமிடம் வைத்து அளந்தார்கள். கணக்கில் அதை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 0.3 நிமிடம் என்றால் 0.3 பெருக்கல் 60, அதாவது 18 வினாடிதான்! 18 வினாடியில் வந்ததை 30 வினாடியில் வந்ததாக நினைத்ததால், எந்திரத்தின் வீரியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது. அதற்கு ஈடுகட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். 115 பேருக்கு உரிய அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கதிர்வீச்சு போனது. அவர்களில் பலர் இறந்தார்கள், பலர் முடங்கிப் போனார்கள்.

இரண்டாவது, 1988-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரம். அங்கேயும் புதிய கோபால்ட், அங்கேயும் அளவீட்டுக் கணக்கில் பிழை. 207 நோயாளிகளுக்கு 25 சதவீதம் அதிகமாகப் போய்விட்டது.

மூன்றாவது தலைகீழ்க் கதை. அதே இங்கிலாந்தில் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயரில் சிகிச்சைத் திட்டம் போட ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தூரத்துக்கான ஒரு திருத்தத்தை அந்தக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். அது தெரியாமல் ஊழியர்கள் பழைய வழக்கப்படி கையாலும் அதே திருத்தத்தைப் போட்டு வந்தார்கள். 1982 முதல் 1991 வரை, ஒன்பது ஆண்டுகள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுமார் 1,000 பேருக்கு 5 முதல் 30 சதவீதம் வரை குறைவான சிகிச்சை கிடைத்தது. புற்றுநோயில் குறைவாகக் கொடுப்பதும் கொல்வதற்குச் சமம், கட்டி மறுபடி தலைதூக்கிவிடும்.

இந்த மூன்றிலும் மெஷின் ரிப்பேர் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றிலும் பிழை, பேப்பரில் போட்ட சாதாரணக் கணக்கில். இன்னொருவர் வேறொரு மீட்டரை எடுத்துத் தனியாக ஒருமுறை அளந்திருந்தால், அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அதனால்தான் இன்று ஒருவர் அளந்ததை மற்றொருவர் அவரைப் பார்க்காமல் தனியே அளப்பது இத்துறையில் கட்டாய வழக்கமாகிவிட்டது.

மூலப்பொருளுக்குக் கணக்கு வைப்பதும் இவர்கள் பொறுப்பே. 1987-ல் பிரேசிலின் கோயானியா நகரில் மூடிப்போன ஒரு கிளினிக்கில் விட்டுச் சென்ற சீசியம்-137, பழைய இரும்புக்காரர்கள் கைக்குப் போய் நான்கு பேர் இறந்தார்கள். நம் நாட்டிலும் 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் இப்படி நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. அதைப் பிரித்தவர்களில் ஒருவர் உயிரிழந்தார்.

எர்த் ஒயரும் இதயமும்

இனி கிளினிக்கல் இன்ஜினியர் பக்கம் வருவோம். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்.

50 ஹெர்ட்ஸ் கரண்ட் கையில் பட்டால் சுமார் 1 மில்லி ஆம்பியரில் சுரீர் என்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் அளவில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். இது நாம் படித்தது. மருத்துவமனையில் இதைவிட நுட்பமான ஆபத்து உண்டு. நோயாளியின் ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை ஒரு மெல்லிய குழாய் போயிருக்கும். தோல் என்ற இன்சுலேஷன் அங்கே கிடையாது. அந்த வழியாக 100 மைக்ரோ ஆம்பியர் போனாலே, அதாவது நமக்குச் சுரீர் என்றுகூடத் தெரியாத அளவில் பத்தில் ஒரு பங்கு போனாலே, இதயம் நின்றுபோகலாம்.

அதனால்தான் இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள கருவிகளில் நோயாளி பக்கம் கசியும் கரண்ட் சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது என்று ஐ.இ.சி. 60601 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிற வேலையை வீட்டில் நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ஐ.சி.யூ.வில் அந்த வேலை செய்தால் என்ன ஆகும் என்று இப்போது புரிந்திருக்கும். கிளினிக்கல் இன்ஜினியர் ஒவ்வொரு கருவியையும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து, எர்த் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு, கசிவு எவ்வளவு என்று அளந்து, தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்.

இன்னொரு உதாரணம், டிஃபிப்ரிலேட்டர். சினிமாவில் நெஞ்சில் இரண்டு தட்டை வைத்து ஷாக் கொடுப்பார்களே, அதேதான். உள்ளே இருப்பது ஒரு பெரிய கெப்பாசிட்டர். 32 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை 5,000 வோல்ட்டுக்கு ஏற்றினால், அரை சி வி ஸ்கொயர் சூத்திரப்படி 400 ஜூல். முதல் வருட சூத்திரம்! கெப்பாசிட்டர் பழசாகி வீரியம் குறைந்திருந்தாலும், டிஸ்ப்ளேயில் கேட்ட ஜூலே தெரியும் சாத்தியம் உண்டு. ஆகவே மனித உடம்புக்குப் பதிலாக 50 ஓம் லோடு வைத்த அனலைசரில் ஷாக்கைக் கொடுத்து, உண்மையில் எத்தனை ஜூல் வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு பெரிய மெஷினுக்குப் போகவே வேண்டாம். மஞ்சள் காமாலையோடு பிறக்கும் குழந்தையை நீல விளக்கின் கீழ் வைப்பதை நம் ஊர்த் தாய்மார்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த விளக்கு பழசாகும்போது, பார்வைக்கு நீலமாகவே எரியும், ஆனால் வேலை செய்கிற ஒளியின் அளவு குறைந்துபோயிருக்கும். குழந்தை இரண்டு நாள் விளக்கின் கீழ் கிடந்தும் மஞ்சள் இறங்காது. தாய்ப்பாலைக் குறை சொல்வார்கள், விதியைக் குறை சொல்வார்கள். ஒரு சின்ன ஒளி மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால், பல்பை மாற்றினால் போதும் என்று தெரிந்திருக்கும்!

நாட்டில் நிலைமை எப்படி? தேசிய சுகாதார இயக்கம் 29 மாநிலங்களில் 29,115 அரசு மருத்துவ நிலையங்களில் இருந்த 7,56,750 கருவிகளைக் கணக்கெடுத்தது. மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. அதாவது சில இடங்களில் மூன்றில் ஒன்று சும்மா கிடந்தது. அதன் பிறகுதான் 2015-ல் கருவிப் பராமரிப்புக்கென்றே ஒரு தேசியத் திட்டம் வந்தது. நம் திண்டுக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கட்டிடம் எழும்புகிறது, கருவிகள் வருகின்றன. அவற்றைக் காக்கும் கைகள் வேண்டாமா?

மருத்துவ இயற்பியலாளர் ஆவது எப்படி?

நம் நாட்டில் இத்துறையின் முன்னோடி டாக்டர் ராமையா நாயுடு. பாரிஸில் மேரி கியூரி அம்மையாரிடம் பயின்றவர். 1941-ல் பம்பாயில் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையில் ரேடியம், ரேடான் பணிகளை நிலைநாட்டினார். இந்திய மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இன்றும் அவர் பெயரில் சொற்பொழிவு நடத்துகிறது. நம் தமிழ்நாட்டில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் எந்திரத்தைக் கொண்டுவந்தது. எந்திரம் வந்தால் அளப்பவர் வேண்டுமே! பம்பாய் டிராம்பேயில் இன்று பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப்படும் நிறுவனத்தில் 1962-ல் கதிர்வீச்சு இயற்பியலுக்கான முதுநிலை டிப்ளமோ படிப்பு தொடங்கியது. நாட்டின் பல மருத்துவமனைகளுக்கு ஆட்களைத் தயார் செய்து கொடுத்தது அதுவே.

இன்றைக்கு விதி என்ன? 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் இதைத் தீர்மானிக்கிறது. இரண்டு வழிகள்.

ஒன்று: எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, அதன்மேல் கதிர்வீச்சு அல்லது மருத்துவ இயற்பியலில் முதுநிலை டிப்ளமோ.

இரண்டு: இயற்பியலை முக்கியப் பாடமாகக் கொண்ட பி.எஸ்ஸி. முடித்து, எம்.எஸ்ஸி. மருத்துவ இயற்பியல்.

எந்த வழியில் வந்தாலும், நல்ல வசதியுள்ள கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் குறைந்தது 12 மாதம் பயிற்சி கட்டாயம். பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஆக வேண்டுமானால் தனித் தேர்வும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். மருத்துவ இயற்பியலாளர் இல்லாத கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவு இயங்க அனுமதி கிடையாது.

தமிழ்நாட்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் எம்.எஸ்ஸி. மருத்துவ இயற்பியல் படிப்பு நடத்தியிருக்கிறார்கள். எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் அந்தப் படிப்பை வாரியம் ஏற்கிறதா, 12 மாதப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனை என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். பெயரில் மெடிக்கல், ரேடியேஷன் என்று இருந்தால் மட்டும் போதாது. பயிற்சிக்கு இடம் காட்டாத படிப்பு, கிணறு இல்லாத தோட்டம் மாதிரி.

பயம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கதிர்வீச்சுப் பணியாளர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் அணிகிறார்கள். அவர்களுக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. முறைப்படி வேலை செய்பவர் இதற்கு வெகு கீழேயே இருந்துவிடலாம்.

நமக்கு உள்ள வழி

இப்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். டிப்ளமோவையோ, அதன்மேல் பி.இ.யையோ மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவ இயற்பியலாளர் ஆக முடியாது. இயற்பியலை முக்கியப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. அதில்தான் ஆசை என்றால், பி.எஸ்ஸி. இயற்பியலில் முதலிலிருந்து மூன்று வருடம் படிக்கத் துணிய வேண்டும். இதைத் தெரியாமல் வேறு படிப்பில் சேர்ந்துவிட்டு நான்கு வருடம் கழித்து வருந்துவதைவிட, இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

கிளினிக்கல் இன்ஜினியரிங் கதவு நமக்குத் திறந்தே இருக்கிறது. படிகள் இவை:

முதல் படி, டிப்ளமோவோடே வேலை. எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், பயோமெடிக்கல் டிப்ளமோ படித்தவர்கள் மருத்துவமனைகளின் பராமரிப்புப் பிரிவிலும், கருவி விற்கும் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவிலும் டெக்னீஷியனாகச் சேர்கிறார்கள். மெக்கானிக்கல்காரர்களுக்கும் இடம் உண்டு. மருத்துவ வாயுக் குழாய், ஆட்டோகிளேவ், கம்ப்ரஸர், ஏர்கண்டிஷன் எல்லாம் அவர்கள் ராஜ்ஜியம்தான்.

இரண்டாம் படி, பி.இ. டிப்ளமோ முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை இருக்கிறது. பயோமெடிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் உண்டு.

மூன்றாம் படி, கேட் தேர்வு எழுதி எம்.டெக். இதில் நம் தென்னகத்துக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் கைகோர்த்து எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு படிப்பை உருவாக்கின. இன்ஜினியரிங் ஓரிடத்தில், நோயாளிகளுக்கு நடுவே பயிற்சி ஓரிடத்தில், கருவி உருவாக்கம் ஓரிடத்தில் என்று மாணவன் மூன்று இடத்திலும் கற்கும்படி அமைத்தார்கள். இன்ஜினியருக்கு வார்டு தெரிய வேண்டும், டாக்டரோடு பேசத் தெரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

அந்தத் திருவனந்தபுரம் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் டாக்டர்களும் இன்ஜினியர்களும் சேர்ந்து நம் நாட்டிலேயே ஓர் இதய வால்வு செய்தார்கள். முன் மாதிரிகள் சில சோதனையில் தோற்ற பிறகே வெற்றி கிடைத்தது. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஒரு வருடத்தில் சுமார் 3.78 கோடி முறை வால்வு திறந்து மூட வேண்டும். பத்து வருடத்துக்கு 37.8 கோடி! தேய்மானம், களைப்பு, லூப்ரிகேஷன் என்று மெக்கானிக்கல் பாடத்தில் நாம் படிப்பதெல்லாம் அந்தச் சின்ன வளையத்துக்குள் இருக்கிறது.

இன்றைக்கே தொடங்கலாம்

தம்பி தங்கைகளே, இதற்குப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் லேபிலேயே தொடங்கலாம்.

ரெக்கார்டு நோட்டில் சீனியரின் ரீடிங்கைப் பார்த்து எழுதுவதும், விடையை முதலில் போட்டுவிட்டு ரீடிங்கைப் பின்னாலிருந்து கட்டுவதும் எல்லாப் பாலிடெக்னிக்கிலும் உள்ள நோய். மார்க் கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஒருவன் மருத்துவமனைக்குள் நுழைந்தால், சோதிக்காமலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவான். கோஸ்டாரிகாவில் 0.3 நிமிடத்தை 30 வினாடி என்று எழுதியதுகூடத் தெரியாமல் செய்த பிழை. தெரிந்தே பொய் ரீடிங் எழுதுவதை என்னவென்று சொல்வது?

ஆகவே மூன்று பழக்கம் போதும். மீட்டரில் என்ன தெரிகிறதோ அதையே எழுதுங்கள். தவறினால் ரப்பரால் அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை விடாமல் எழுதுங்கள். பக்கத்து பெஞ்ச்காரரின் மீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் மறைக்காதீர்கள், ஏன் என்று ஸ்டாஃபிடம் கேளுங்கள். "தெரியவில்லை, மறுபடி அளக்கிறேன்" என்று சொல்லத் துணிவு உள்ளவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர்.

நம் வீட்டுப் பெரியவர்கள் மதுரைக்கும் கோவைக்கும் அடையாறுக்கும் சிகிச்சைக்குப் போகிறார்கள். மெஷினுக்குக் கீழே படுக்கும்போது டாக்டரை நம்பிப் படுக்கிறார்கள். அந்த மெஷினை அன்று காலையில் அளந்து பார்த்தவரின் முகம் அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத முகம் நம் பாலிடெக்னிக்கில் படித்த ஒருவருடையதாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு மலரில், "நான் பயோமெடிக்கலில் சேர்ந்துவிட்டேன்" என்று நம் நண்பர் ஒருவர் எழுதினால், இக்கட்டுரை எழுதிய பலன் கிடைத்தது என்று மகிழ்வேன்.